சாமைத்தாளும் ஒரு முழங்காலும்

என் வலது முழங்கால் இப்போது நாற்காலியில் உட்காரும் அளவுக்கு மடங்குகிறது. அதற்கு மேல் மடங்காது. சம்மணம் போட முடியாது. தொழுகையில் எல்லோரும் மண்டியிடும்போது நான் மட்டும் ஓரமாக நாற்காலியில்தான். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு "பாவம்" என்கிறார்கள். பாவமாவது ஒன்றாவது! பலகை மாதிரி நீட்டிக்கொண்டு கிடந்த காலை மாதக்கணக்கில் பார்த்தவன் நான். அது முதல்முதலாக நாற்காலியில் உட்காரும் அளவுக்கு மடங்கிய அன்று நான் போட்ட சத்தத்தில் வார்டே கூடிவிட்டது. தொடை உடைந்து எங்காவது கட்டிலில் கிடக்கும் புண்ணியவான் யாராவது இதைப் படித்தால் அவருக்கும் கொஞ்சம் தெம்பு வரட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன், கால் மடங்கித்தான் இருக்கிறது.

நான் வாணியம்பாடிக்காரன். தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். ஜவ்வாது மலையில் அதை வாங்கி, கீழே தோல் ஷாப்புகளுக்குக் கொடுப்பது என் தொழில். மற்ற வியாபாரிகள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு மலை ஏறுவார்கள். நான் மோட்டார் சைக்கிளில் ஏறுவேன். யுத்தம் முடிந்தபின் பட்டாளத்தார் ஏலம் விட்ட வண்டி அது. நாலைந்து கை மாறி என்னிடம் வந்தது. பச்சைப் பெயிண்ட் பாதி உதிர்ந்திருக்கும், சத்தம் மூன்று மலைக்குக் கேட்கும். மற்றவர்கள் ஆலங்காயத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கும்போது நான் மேலே விலை பேசி முடித்திருப்பேன். அந்த வண்டியைக் கிளப்பும் உதைகட்டை வலது பக்கம். கியரும் வலது காலில்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இனி நான் விழுந்த கதை. மலையில் வெள்ளையன் என்று ஒரு விவசாயி, என்னிடம் வழக்கமாகக் கடுக்காயும் புளியும் போடுகிறவர். கார்த்திகையில் அவர்களுக்குச் சாமை அறுப்பு. அறுத்த தாளைக் களத்தில் பரப்பி மாடு கட்டி மிதிக்க வைப்பது வழக்கம். ஒரு வருஷம் பாதையோரம் காய்ந்த தாள் மேல் என் வண்டி தெரியாமல் ஏறிப் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் வெள்ளையன் குனிந்து உதிர்ந்த தானியத்தைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "இன்னொரு வாட்டி போ சாயபு" என்றார். போனேன். வந்தேன். மறுபடி போனேன். ஊரே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. அதிலிருந்து அறுப்புக் காலத்தில் நான் வரும் நாள் பார்த்துப் பாதையில் தாள் பரப்புவதே அந்த ஊரில் பழக்கமாகிவிட்டது. இரண்டு சக்கரம் ஓடி எவ்வளவு தானியம் உதிர்ந்துவிடப் போகிறது? மாடு மிதித்தால் சட்டென்று முடிகிற வேலை. ஆனால் மோட்டார் மிதித்த சாமை என்று பக்கத்து ஊரில் சொல்லிக்கொள்வதில் வெள்ளையனுக்குப் பெருமை. மிதித்தவனுக்கு அதைவிடப் பெருமை.

அந்தத் தடவை முந்தின இரவு தூறல் போட்டிருந்தது. வழக்கமாக நேர்ப்பாதையில் பரப்புகிறவர்கள், அங்கே ஈரம் என்று, வளைவில் இருந்த பாறைத் தரையில் கனமாகப் பரப்பியிருந்தார்கள். நான் குஷியாக ஹாரனை அடித்துக்கொண்டு வளைவில் திரும்பினேன். அடித்தாள் ஈரம். வழவழவென்று வண்டி காலடியில் இருந்து நழுவிப் போயிற்று. நானும் வண்டியும் சேர்ந்து சறுக்கி ஒரு புளியமரத்தில் நின்றோம். மரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் என் வலது தொடை. சத்தம் எனக்கே கேட்டது. வலி அப்புறம்தான் வந்தது.

மூங்கிலைப் பிளந்து காலோடு வைத்துக் கட்டினார்கள். கம்பளியை நீள மூங்கிலில் தொட்டிலாகக் கட்டி அதில் என்னைப் போட்டுத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மலையில் அதற்கு டோலி என்று பெயர். வழி நெடுக நான் கத்தினேன். வெள்ளையன் கூடவே நடந்து வந்தார். ஆலங்காயத்தில் புளி ஏற்றிய லாரி ஒன்று இரக்கப்பட்டு என்னை வேலூர் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கியது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தைச் சன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். தொடை எலும்பு இரண்டாகி, ஒரு துண்டின்மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்திருந்தது. உடம்பிலேயே பலமான சதை தொடையில்தானாம். எலும்பு உடைந்ததும் சதை இரண்டு துண்டையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், கால் கட்டையாகிவிடும். ஆகையால் சதையோடு நாம் இழுபறி நடத்த வேண்டும். அதற்கு முழங்காலுக்குக் கீழே எலும்பில் குறுக்காக ஒரு கம்பி செலுத்தி, அதில் கயிறு கட்டி, கட்டில் கால்மாட்டில் ஒரு கப்பி மேல் விட்டு, நுனியில் எடை தொங்கவிடுவார்கள். மரத்துப் போக ஊசி போட்டுத்தான் செய்தார்கள். ஆனாலும் நம் காலுக்குள் கம்பி போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது இருக்கிறதே, அதை எதிரிக்கும் வேண்டமாட்டேன்.

"எலும்பு கூடிடும். அதப் பத்திக் கவல இல்ல" என்றார் டாக்டர். "முட்டிதான் சந்தேகம். இத்தன நாள் மடக்காம வெச்சா இறுகிப் போயிடும்."

நான் மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கேட்டேன். அவர், முதலில் நடப்பதைப் பார்ப்போம், அந்த எண்ணத்தை மறந்துவிடுவது நல்லது என்றார். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. விழுந்தபோது வராத பயம், கம்பி போட்டபோது வராத பயம். வண்டி இல்லாவிட்டால் கடுக்காய் வியாபாரத்தில் நான் பத்தோடு பதினொன்று என்பது ஒரு பக்கம். அதைவிட, அந்த மலைப்பாதையில் காற்று முகத்தில் அடிக்க ஏறுவது இனி இல்லை என்று நினைப்பதைத்தான் தாங்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி அழலாம் என்றால் திரும்பவும் முடியாது, கால் கயிற்றில் கட்டிக் கிடக்கிறது. மல்லாந்தபடியே அழுதேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒடுகத்தூர் வண்டிக்காரர் முனிசாமி இருந்தார். வண்டியில் பூட்டப்போன மாடு உதைத்து முழங்கால் சில்லு உடைந்து வந்தவர். அழுதவனைப் பார்த்து அவர் ஆறுதலா சொன்னார்? "மாடு உதச்சி நான் படுத்துகினு கீறேன். நீங்க வண்டிய உதைக்க முடியாதுன்னு படுத்துகினு அழுவுறீங்க. இன்னா பாய் நாயம் இது?" என்றார். அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டேன். சிரித்ததில் கப்பியில் எடை ஆட, கால் சுண்டி இழுக்க, மறுபடி அழுதேன்.

என் மனைவி மெஹருன்னிசா என்னோடுதான் தங்கினாள். எங்கள் வீட்டில் பாதி உருது, பாதி தமிழ். கோபம் வந்தால் அவள் முழுக்க உருதுக்குப் போய்விடுவாள். ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் தமிழிலேயே பேசினாள், அதிலேயே அவள் என் மேல் எவ்வளவு பரிதாபப்பட்டாள் என்று தெரிந்துகொண்டேன். படுக்கைப் புண் வராமல் முதுகுக்குப் பவுடர் போடுவாள். எனக்குக் கஞ்சி கொண்டுவந்தால் முனிசாமிக்கும் ஒரு டம்ளர் இருக்கும். பில்லைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எல்லா வீட்டிலும் பில் ஒரே மாதிரிதான் வலிக்கும்.

மெஹருவின் அண்ணன் கரீம் நல்ல மனிதர், ஆனால் முந்திரிக்கொட்டை. டாக்டர் சொன்னதைக் கேட்டதும், இனி அந்தச் சனியன் எதற்கு என்று, என்னிடம் கேட்காமலே மலையில் கிடந்த வண்டியை ஆம்பூரில் ஒருவருக்கு விலை பேசிவிட்டார். வாங்குகிறவரை வண்டியை எடுத்துவர மேலே அனுப்பியும் விட்டார். எல்லாம் முடிந்தபிறகு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து என்னிடம் சொன்னார். நான் கத்தவில்லை, அவர் என் நல்லதுக்குத்தான் செய்தார் என்று தெரியும். மெஹருவைப் பார்த்தேன். அவள் பழத்தை உரித்துக்கொண்டே இருந்தாள்.

வாங்கப் போனவர் வெறுங்கையோடு திரும்பினார். ஊர் கூடி நின்று கொடுக்கமாட்டோம் என்றுவிட்டதாம். பணம் கட்டியாகிவிட்டது என்று சொல்லியும், கரீமின் பெயரைச் சொல்லியும் பயனில்லை. கரீம் குதித்தார், மலைக்காரர்கள் வண்டியை அமுக்கப் பார்க்கிறார்கள் என்றார். எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

அந்த வாரமே வெள்ளையன் வார்டு வாசலில் வந்து நின்றார். மலையிலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக விசாரித்து வந்திருக்கிறார். தோளில் ஒரு மூட்டை சாமை, கையில் ஒரு சுரைக்குடுக்கைத் தேன். தொங்குகிற எடையையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வளைவுல போடச் சொன்னவன் நாந்தான் சாயபு" என்றார். "ஈரம்னு தெரிஞ்சிதான் போட்டேன். நீ வர்ற நாளு தவறிடுமேன்னு போட்டேன்."

மிதிக்க ஆசைப்பட்டவன் நான், அதில் பாதி என்னுடையது என்று சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு வண்டி சமாசாரம் கேட்டேன். வெள்ளையன் எவரையும் 'நீ' என்றுதான் பேசுவார், ஆனால் அன்றைக்கு அவர் பேசியதில் இருந்த மரியாதையை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அவர்கள் ஊரில் ஒரு வழக்கமாம். டோலியில் இறங்கிப் போனவனுடைய பொருள் ஊரில் இருந்தால், அது கத்தியோ கோழியோ எதுவானாலும், அவன் வரும்வரை ஊர் காக்க வேண்டும். வேறு கையில் கொடுத்தால் ஆளை மண்ணில் வைத்ததற்குச் சமம்.

"நீ எல்லக்கல்லுல இருந்து உன் கால்ல நடந்து வந்து கேளு. குடுக்கறேன். அப்பால வித்தாலும் சரி, ஒடச்சாலும் சரி. அதுவரிக்கும் உன் மச்சான் இல்ல, கலெக்டர் வந்தாலும் குடுக்கமாட்டோம்."

அவர் போனபிறகு மெஹருதான் முதலில் பேசினாள்.

"ஓட்டறது ஓட்டாதது அப்புறம் பாத்துக்கலாங்க. போய்க் கேக்கற அளவுக்குக் கால் வரட்டும்" என்றாள்.

அன்றிலிருந்து எனக்குப் பிடித்தது ஒரு வெறி! கரீமிடம் சொல்லி ஆம்பூர்க்காரரின் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தேன். எலும்பு கூடியதை எக்ஸ்ரேயில் பார்த்தேன், உடைந்த இடத்தைச் சுற்றி மேகம் மாதிரி வெள்ளையாகத் திரண்டிருந்தது. கம்பியை உருவினார்கள். கட்டில் ஓரத்தில் உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடச் சொன்னார்கள். கால் தொங்கவில்லை. வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. அதைக் கீழே அழுத்தும் வேலையை நர்ஸ் மெஹருவுக்குச் சொல்லிக்கொடுத்தார். காலையும் மாலையும் வெந்நீர்த் துணி சுற்றி, எண்ணெய் தடவி, கணுக்காலைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துவாள். நான் அம்மா என்பேன், அல்லா என்பேன், சொல்லக் கூடாத வார்த்தைகளும் சொல்வேன். அவள் கண்ணில் தண்ணீர் வழியும். கை மட்டும் விடாது.

முனிசாமிக்கும் அதே வைத்தியம். ஆகவே போட்டி. யார் குதிகால் முதலில் கட்டில் காலைத் தொடுவது என்று பந்தயம். வார்டு முழுவதும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது, மாட்டுவண்டிக் கட்சி, மோட்டார் கட்சி. பெருக்க வருகிற அம்மாகூட மோட்டார் கட்சி என்று சொல்லிவிட்டுத்தான் பெருக்குவார். முனிசாமிதான் ஜெயித்தார். நான் தொட்டபோது சொன்னேனே, வார்டே கூடிவிட்டது என்று, அதில் முதல் ஆளாகக் கைதட்டியவரும் அவர்தான்.

வீட்டுக்குப் போகும் நாளில் டாக்டர் என் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். இதற்கு மேல் மடங்காது என்றார். மெஹருதான் மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கேட்டாள், நான் இல்லை! டாக்டர் ஆச்சரியப்பட்டுவிட்டு யோசித்தார். கக்கத்துக் கட்டைகளை விட்டுக் கைத்தடிக்கு வந்தபிறகு மெதுவாக ஓட்டலாம், ஆனால் உதைத்துக் கிளப்பவே கூடாது, உதைகட்டை திருப்பி அடித்தால் கூடின எலும்பு மறுபடி போய்விடும் என்றார். முழுச் சோற்றையும் கொடுத்துவிட்டு வாயைக் கட்டின மாதிரி இருந்தது எனக்கு.

வைகாசியில் மலைக்குக் கிளம்பினோம். கக்கத்துக் கட்டைகள் போய்க் கைத்தடி வந்திருந்தது. கையில் ஒரு டின் பெட்ரோல். மெஹருவும் வந்தாள். விழுந்த இடத்தைப் பார்க்காமல் விடமாட்டேன் என்றாள். மரம் ஏற்றப் போன லாரி எங்களை எல்லைக்கல்லில் இறக்கிவிட்டது. அங்கிருந்து ஊருக்கு ஏற்றம். ஊரே மேலே வரிசையாக நின்று பார்க்கிறது, ஒருவரும் கை கொடுக்க இறங்கி வரவில்லை. கொடுத்தால் வழக்கம் கெட்டுவிடுமே. மெஹரு இரண்டடி தள்ளியே நடந்தாள். தடியை ஊன்றி, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஊன்றி, ஏறினேன். புளியமரத்தருகே நின்று அவளுக்குக் காட்டினேன். அவள் மரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடந்தாள். மேலே வந்து வெள்ளையன் முன்னால் நின்று, "என் வண்டியக் குடு" என்றேன்.

"எடுத்துக்கோ சாயபு" என்றார். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே கொட்டகைக்கு வழி காட்டினார்.

வண்டி மாட்டுக்கொட்டகையில், மாடுகளுக்கு நடுவில், முளைக்குச்சியில் கயிறு போட்டுக் கட்டி நின்றிருந்தது. சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். டேங்க் மூடியைத் திறந்தேன், குப்பென்று புங்க எண்ணெய் வாசனை! இத்தனை நாள் பட்டினி கிடக்கிறதே என்று வெள்ளையன் மனைவி ஊற்றியிருக்கிறார். விளக்கும் எண்ணெயில்தானே எரிகிறது என்றார். சிரித்துச் சிரித்து எனக்குக் கால் வலித்தது. எண்ணெயை வடித்து, பெட்ரோல் விட்டு அலசி, பிளக்கைக் கழற்றித் துடைத்து, மறுபடி பெட்ரோல் ஊற்றினேன்.

உதைக்க வேண்டும். நான் கூடாது. வெள்ளையன் முன்வந்தார். ஓங்கி ஒரு உதை விட்டார், உதைகட்டை திருப்பி அடித்ததில் நொண்டியடித்துக்கொண்டு போய்த் திண்டில் உட்கார்ந்துவிட்டார். இன்னும் இரண்டு பேர் பார்த்தார்கள், அதே கதிதான். நான் வண்டியையும் என் காலையும் பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு தூரம் ஏறி வந்து, கடைசியில் ஒரு உதைக்கு வழியில்லை.

மெஹரு பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது உதைச்சாத்தான் கிளம்புமா?" என்று கேட்டாள். "சக்கரம் சுத்துனா கிளம்பாதா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கிளம்பும்! இறக்கத்தில் உருட்டி, கியரில் போட்டு, கிளட்சை விட்டால் கிளம்பும். பட்டாளத்து வண்டி ஓட்டுகிற எவனுக்கும் தெரிந்த விஷயம். உதைக்கிற கால் கெட்டியாக இருந்தவரை எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பாதையின் தலையில் நிறுத்தினார்கள். ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் மடங்கிப் பாதம் கியரின் மேல் போய்ச் சரியாக உட்கார்ந்தது. பின்னால் வெள்ளையன் ஒரு பக்கம், மெஹரு ஒரு பக்கம் கை வைத்தார்கள். தள்ளினார்கள். உருண்டது. புளியமரம் கிட்டே வந்தது. நான் கிளட்சை விட்டேன். வண்டி ஒரு தும்மல் தும்மியது, பின்னால் புங்க எண்ணெய்ப் புகை எழும்பியது, பிறகு, ஆகா, அந்தச் சத்தம்! மலை மூன்றும் திருப்பிச் சொன்னது. எல்லைக்கல்வரை போய், திரும்பி, இஞ்சின் வேகத்திலேயே மேலே ஏறி வந்தேன். முகத்தில் காற்று. நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை, உருது என்று மெஹரு சொல்கிறாள்.

அணைத்தால் மறுபடி தள்ள வேண்டும் என்று அணைக்காமலே நின்றேன். அதுவரை ஒருநாளும் அந்த வண்டியில் ஏறாதவள், புர்காவை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். சாமைத்தாளை இனிமேல் களத்தில் போடு என்று வெள்ளையனிடம் சொல்லிவிட்டு இறங்கினோம்.

இப்போது வாணியம்பாடியில் எங்கெங்கே தரை சரிகிறது என்று என்னைக் கேளுங்கள். பள்ளிவாசலுக்குப் பின்னால், ரயில் பாலத்தருகே, தோல் ஷாப்பு வாசலில் லாரி ஏற்றும் மேட்டில், எங்கே போனாலும் இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துகிறேன். எங்கள் பழைய வீடு மட்டும் ஒரு தட்டையான சந்தில் இருந்தது. தினம் காலையில் யாரையாவது தள்ளக் கூப்பிட வேண்டும்.

போன மாதம் வாடகைக்கு வேறு வீடு பார்த்துவிட்டு வருகிறேன் என்று மெஹரு கிளம்பினாள். கரீம் கூடப் போய்விட்டு வந்து தலையில் அடித்துக்கொண்டார். பாலாற்றங்கரைக்கு இறங்குகிற தெருவாம், இருட்டு அறை, கிணறு பக்கத்து வீட்டில், அடுப்படியில் ஆள் நிமிர முடியாது, இதைப் போய் முன்பணம் கொடுத்துப் பிடித்திருக்கிறாளே என்றார். எனக்கும் புரியாமல் ஏன் என்று அவளைக் கேட்டேன்.

"கெணறு இல்ல, காத்து இல்ல, எல்லாம் எனக்குத் தெரியுங்க" என்றாள். "வாசல்ல எறக்கம் கீது."